அளவி கேட்ட கேள்வி

செவ்வாய்க் கிரகத்துச் செந்திடலில் பெண் பார்க்க வருகிறவர்களிடம் பையனின் வேலையை விசாரித்த கையோடு, குடல் எத்தனை மீட்டர் என்றும் கேட்பார்கள். அடையாள அட்டையிலேயே அச்சடித்திருக்கும், ஒளிக்க முடியாது. செவ்வாயில் குடியேறி மூன்று தலைமுறை ஆகியும் நம் ஜனம் கண்ணாடிக் கூரைக்குக் கீழ் விளையும் கூண்டுவயல் அரிசியை மூன்று வேளையும் ஒரு கை பார்த்துக்கொண்டிருந்ததால், இரைப்பை அறுவை அங்கே பல் பிடுங்குவது போலச் சாதாரணமாகிவிட்டது.

முன்பெல்லாம் பொது முறைதான். இரைப்பையை எலுமிச்சை அளவுக்குச் சுருக்கிவிட்டு, சாப்பாடு முதல் ஒன்றரை மீட்டர் குடலைத் தொடாமல் தாண்டிப் போகும்படி இணைப்பார்கள். நாலு மீட்டர் குடல்காரருக்கும் ஒன்பது மீட்டர்காரருக்கும் அதே ஒன்றரைதான். இது என்ன நியாயம் என்று கேட்டு வந்தது தனி முறை. அளவி என்கிற இயந்திரம் குடலை முழுக்க அளக்கும். தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, எவ்வளவு குடலைத் தாண்ட வேண்டும் என்று ஆளுக்கு ஆள் தனியாக முடிவு செய்யும்.

காற்றுக்குழாய் பராமரிப்பாளர் சிங்காரவேலு நூற்று இருபத்தெட்டு கிலோ. சர்க்கரை வேறு. அளவி கேட்டபோது, மருத்துவரிடம் நாம் எல்லாரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்.

"காலையில ரெண்டு இட்லி. மத்தியானம் ஒரு கரண்டி சோறு. தண்ணி குடிச்சாலே உடம்பு போடுதுங்க."

பாவம், இயந்திரம் நம்பிவிட்டது. இவ்வளவு கொஞ்சமாகச் சாப்பிட்டு இத்தனை எடை என்றால், இந்தக் குடல் ஒரு பருக்கையைக்கூட விடாமல் உறிஞ்சுகிறது என்று முடிவு கட்டியது. ஆறு மீட்டரில் நாலரையைத் தாண்ட வைத்தது.

ஏழே மாதத்தில் மனிதர் நாற்பத்தாறு கிலோவுக்கு வந்துவிட்டார். கால் வீங்கியது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை.

"குடலத் திருப்பி இணைக்கணும். இந்த வாரத்துக்குள்ள. இதுக்கு மேல ஈரல் தாங்காது," என்றார் மருத்துவர் ஜெசிந்தா.

உண்மை அப்போதுதான் வெளியே வந்தது. "ஒன்பது தோசை டாக்டர். அது காலையில மட்டும். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

ஜெசிந்தா தலையில் கை வைத்துக்கொண்டார். குடலைத் திருப்பி இணைக்கவும் அளவிதான் அளவு சொல்ல வேண்டும். ஒரே நோயாளி இரண்டு விதமாகச் சொன்னால், அளவி இரண்டையும் தள்ளிவிட்டு வீட்டில் சமைப்பவரைக் கேட்கும். அவர் சொல்வதே முடிவு. இந்த வீட்டில் சமைப்பவர் மனைவி மரகதவல்லி. உள்ளதைச் சொல்லிவிடு என்று சிங்காரவேலு வழியெல்லாம் அவளிடம் கெஞ்சிக்கொண்டே வந்தார்.

"அறுவைக்கு முன் உங்கள் கணவர் ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட்டார்?" என்று கேட்டது அளவி.

மரகதவல்லி கணவரின் குச்சிக் கையைப் பார்த்தாள். அறையில் தாதிகளும் உதவியாளர்களுமாக ஆறு பேர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னத்த சாப்பிட்டாரு. வெச்சதுல பாதிய அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சிருவாரு."

"மரகதம், என் உயிரு போகுதுடி."

அவள் குனிந்து அவர் காதோடு சொன்னாள். "சும்மா இருங்க. இத்தன பேருக்கு முன்னாடி எண்ணிச் சொன்னா கண்ணு பட்டுடாதா? ஏற்கெனவே எவளோ கண்ணு வெச்சுத்தான் இப்படி எளைச்சுக் கெடக்கீங்க."

அளவி பச்சை விளக்கைக் காட்டியது. முதல் வாக்குமூலம் உறுதியாகிவிட்டது, மாற்றம் தேவையில்லை.

ஜெசிந்தா அளவியை அணைத்தார். பிறகு கிடங்கிலிருந்து பழைய பொது முறைக் கருவியைத் தூசி தட்டிக் கொண்டுவரச் சொன்னார். அது நோயாளியிடமும் கேட்கவில்லை, மனைவியிடமும் கேட்கவில்லை. ஒன்றரை மீட்டரில் இணைத்துவிட்டு நின்றது. சிங்காரவேலு பிழைத்துக்கொண்டார்.

கை கழுவும்போது ஜெசிந்தா தாதியிடம் சொன்னார். "அந்தக் காலத்து டாக்டருங்களுக்கு ஆளாளுக்கு அளக்கத் தெரியல, அதான் எல்லாருக்கும் ஒரே அளவு வெச்சாங்கன்னு இத்தன நாளா நெனச்சுட்டிருந்தேன். அப்படி இல்ல. அவங்களும் என்ன சாப்பிடுறீங்கன்னு கேட்டுப் பாத்திருப்பாங்க."