இரண்டாம் பகுதியின் நாற்பது நிமிடம்

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அல்ஷிஃபா படியேற வந்தபோது, வளவன் மாடிப்படியில் தலைகீழாகக் கிடந்தான். நெற்றியில் ரத்தம். மூச்சு இருந்தது. எவ்வளவு உலுக்கியும் கண் திறக்கவில்லை.

மறுநாள் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு செருப்புக் கடையின் மாடி அது. அங்கிருந்த இரண்டு அறைகளை நான்கு பேர் சேர்ந்து படிப்பதற்காக வாடகைக்கு எடுத்திருந்தார்கள்: அல்ஷிஃபா, வளவன், சுஜா, ஜெஸ்வின். சனிக்கிழமைதோறும் மதியம் இரண்டு மணிக்கு ஆளுக்கொரு இடத்திலிருந்து ஒரே பயிற்சித் தேர்வை ஆன்லைனில் எழுதுவார்கள். பிறகு அறையில் கூடி, யார் எங்கே கோட்டைவிட்டார்கள் என்று அலசுவார்கள்.

அரியமங்கலத்தில் வளவனின் வீட்டைச் சுற்றி லேத் பட்டறைகள். அதனால் அவன் மட்டும் இந்த மாடியின் உள்ளறையில், கதவைச் சாத்திக்கொண்டு, காதில் பஞ்சு வைத்து எழுதுவான். டீ பிளாஸ்க் வெளியறையில் இருக்கும். எழுதி முடிக்கும்வரை அதைத் தொடமாட்டான். நிஜத் தேர்வில் நடுவே டீ கிடைக்காது அல்லவா?

பிளாஸ்கின் அடியில் கரையாத வெள்ளைத் தூள் இருந்தது. தூக்க மாத்திரை, அதுவும் நிறைய என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். உயிருக்கு ஆபத்தில்லை.

ஏழு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் பிலோமின்ராஜ் மூவரையும் அறைக்கு வரவழைத்தார். பூட்டு உடையவில்லை. சாவி இருந்தது நால்வரிடம் மட்டுமே. இரண்டு மணிக்குச் சற்று முன்னால் அதே பிளாஸ்கிலிருந்து கீழே செருப்புக் கடைக்காரர் பிச்சமுத்துவுக்கும் வளவன் டீ ஊற்றிக் கொடுத்திருந்தான். பிச்சமுத்துவுக்கு ஒரு கொட்டாவிகூட வரவில்லை. ஆக, வளவன் உள்ளே எழுதிக்கொண்டிருந்தபோதுதான் யாரோ வந்து போயிருக்க வேண்டும். மாடிப்படி பின்பக்கம் இருந்தது; கடையிலிருந்து தெரியாது.

அல்ஷிஃபா தன் அலுவலகத்தில், நாலு பேர் கண்ணெதிரே எழுதியவள். மிச்சம் இருவர்.

"நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

"உறையூர்ல, வீட்ல. தனியாத்தான் சார்," என்றாள் சுஜா.

"இங்கேருந்து ரொம்பப் பக்கம். மார்க் எவ்வளவு?"

சுஜா தலைகுனிந்தாள். "வழக்கமா வாங்குறதுல பாதிகூட இல்ல சார்."

"நீங்க தம்பி?"

"ஸ்ரீரங்கத்துல, எங்க வீட்டு மாடில சார். மார்க் எப்பவும் போலத்தான்," என்றான் ஜெஸ்வின். "டெஸ்ட்டை நடுவுல நிறுத்த முடியாது சார். மூணு பகுதி, ஒவ்வொண்ணும் நாப்பது நிமிஷம். எழுந்து போனா மார்க் குறைஞ்சுரும்."

பிலோமின்ராஜின் பார்வை சுஜாவிடம் திரும்பியது.

இருவருமே அல்ஷிஃபாவோடு ஒரு வருடமாகப் படித்தவர்கள். ஆனாலும் அவளால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"சார், நாங்க மார்க்கை முதல்ல பார்க்க மாட்டோம். எந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரம் போச்சுன்னுதான் பார்ப்போம். அப்பத்தான் எங்க தப்பு தெரியும்."

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். நால்வரின் தேர்வு விவரமும் அதில் வரும். இரண்டாம் பகுதி முழுவதும் புதிர்கள். ஒரு பத்தி தகவல், அதன் கீழே சில கேள்விகள்.

சுஜா ஒரே புதிரில் மாட்டிக்கொண்டு, விடையைப் போட்டு, அழித்து, வேறொன்றுக்குத் தாவி, மறுபடி அதற்கே வந்திருந்தாள். நாற்பது நிமிடமும் விரல் ஓயவில்லை.

"இவ எங்கேயும் போகல சார். விட மனசில்லாம முட்டிக்கிட்டே இருந்திருக்கா. மார்க் குறைஞ்சது அதனாலதான்."

ஜெஸ்வின் பாதிக் கேள்விகளைத் தொடவே இல்லை. தொட்டவை எல்லாம் சரி. கடைசியாகத் திறந்த கேள்விக்கு விடை இல்லை. அதில் மட்டும் முப்பத்தைந்து நிமிடம் போயிருந்தது.

"அதுல மாட்டிக்கிட்டேன்," என்றான் ஜெஸ்வின் சட்டென்று.

"அதை நான் கேட்கல," என்றாள் அல்ஷிஃபா. "எந்தப் புதிர்லயும் முதல் கேள்விக்குத்தான் நேரம் ஜாஸ்தி ஆகும். பத்தியைப் படிக்கணும், கட்டம் போடணும். மிச்சக் கேள்வி மளமளன்னு போகும். உனக்கு முதல் கேள்விக்கும் எட்டு செகண்ட்தான். அந்தப் பத்தியைப் படிக்கவே ஒரு நிமிஷம் வேணும், ஜெஸ்வின்."

அவள் பிலோமின்ராஜ் பக்கம் திரும்பினாள்.

"வெப்சைட்ல பேப்பர் காலையிலேயே திறந்துரும் சார், நாங்கதான் ரெண்டு மணிக்கு எழுதுவோம். வேற பேர்ல உள்ள போய் விடையை எடுத்து வச்சிருக்கான். ரெண்டாம் பகுதி வந்ததும், எப்பவும் வாங்குற மார்க் வர்ற அளவுக்கு மட்டும் தட்டிட்டு பைக்ல கிளம்பியிருக்கான். மூணாம் பகுதிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துட்டான்."

"காவிரிப் பாலத்துல கேமரா இருக்கு," என்றார் பிலோமின்ராஜ். "பார்க்கட்டுமா தம்பி?"

"வேண்டாம் சார்." ஜெஸ்வின் சுவரில் சாய்ந்தான். "அப்பாவோட மாத்திரை. நாலு வருஷமா எழுதுறேன். வளவன் ஜூன்லதான் ஆரம்பிச்சான். ஒவ்வொரு வாரமும் அவன்தான் முதல்ல. அவன் எழுதலைன்னா எனக்கு ஒரு மார்க்கும் ஏறாது, தெரியும். ஒருநாள் தூங்கட்டும்னுதான் சார். படியில விழுவான்னு நினைக்கல."

ஜீப்பில் ஏறும் முன் கேட்டான்: "நாளைக்கு எக்ஸாம் சார்..."

பிலோமின்ராஜ் ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டார்.

ஞாயிறு காலைத் தேர்வை முடித்துவிட்டு அல்ஷிஃபா நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். வளவனுக்கு மாலை வேளையில் தேர்வு. டாக்டர் எழுந்து உட்காரவே விடவில்லை. நடந்ததையெல்லாம் அவன் அம்மா அனுசுயா சொல்லியிருந்தார். ஜெஸ்வினைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை.

"பேப்பர் எப்படி இருந்துச்சு?" என்றான்.

அவ்வளவு எளிதான தாளை அந்த வருடம் முழுவதும் அவள் பார்த்ததில்லை.

"ரொம்பக் கஷ்டம்," என்றாள்.