சிக்னலில் உதறும் கார்

மந்தைவெளிச் சந்து ஒன்றில் இருக்கும் செண்பகத்தின் ஒர்க்ஷாப்புக்குத் தங்கவேல் காரோடு வந்தபோது, வாசலை ஓர் ஆட்டோ அடைத்துக்கொண்டு நின்றது. அது நகரும் வரை அவர் காத்திருந்தார். செண்பகம் கையைத் துடைத்தபடி அந்தப் பழைய இன்ஜெக்ஷன் காரையே கவனித்தார். எஞ்சின் சுகமாக முனகிக்கொண்டிருந்தது. பின்னால் பிரேக் லைட் எரியவில்லை.

இறங்கியதும் இறங்காததுமாகத் தங்கவேல் இடது சீட்டைக் காட்டிக் குற்றப்பத்திரிகை வாசித்தார்.

"இவ ஓட்டினா மட்டும் சிக்னலுக்குச் சிக்னல் உதறுதும்மா. சில நேரம் ஆஃபே ஆயிடுது. நான் ஓட்டினா ஒண்ணும் இல்ல. பிளக்கை மாத்தியாச்சு, பெட்ரோல் பங்க்கையும் மாத்தியாச்சு. இனிமே ஆளை மாத்த முடியாது, வண்டியைத்தான் மாத்தணும். சாயங்காலம் புரோக்கரை வரச் சொல்லிட்டேன். அதுக்குள்ள முடிஞ்சா பாருங்க."

இடது கதவைத் திறந்து அவர் மனைவி அன்புக்கரசி இறங்கினார். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கியவர்.

"கொட்டிவாக்கத்துல தங்கச்சி வீட்டுக்கு யாரையும் கேக்காம போய் வந்துக்கினு இருந்தேன். இது போச்சுன்னா மறுபடி இவரு எப்போ கூட்டிக்கினு போவாருன்னு உக்காந்திருக்கணும்," என்றார்.

ஒர்க்ஷாப்பின் எலக்ட்ரீஷியன் ரெஹான், எந்த வழக்கையும் அரை நிமிடத்தில் முடித்துவிடும் ரகம். பானட்டைத் தூக்கினான். புகையிலை வாடை குப்பென்று அடித்தது.

"எலிதான்க்கா! ஒயரைக் கடிச்சிருக்கும். அது அண்டக் கூடாதுன்னுதான் புகையிலைப் பொட்டலம் கட்டிக்கீறாங்க."

"கடிச்ச இடத்தைக் காட்டு."

டார்ச் அடித்துத் துழாவினான். ஒரு பல் தடம்கூட இல்லை. "அப்போ அம்மாதான் கிளட்ச்சுல இன்னாவோ பண்றாங்க," என்று கட்சி மாறினான். அன்புக்கரசி முறைத்த முறைப்பில் டார்ச்சை அணைத்துவிட்டான்.

"சார், சிக்னல்ல நிக்கறப்போ இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார் செண்பகம்.

"நியூட்ரல் போட்டு ஹேண்ட்பிரேக் இழுப்பேன். கார்புரேட்டர் வண்டி ஓட்டின காலத்துலேர்ந்து அப்படித்தான்."

"நீங்கம்மா?"

"நானும் நியூட்ரல்தான். ஆனா கால் பிரேக் மேல இருக்கும். ஸ்கூல்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

செண்பகம் தங்கவேலைத் திரும்ப உட்காரச் சொல்லி, சாவியைத் திருகச் சொன்னார். எஞ்சின் சாதுவாக ஓடியது. "பாத்தியா?" என்று தங்கவேல் மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"இப்போ கதவைத் திறந்து, ரெண்டு காலையும் வெளியே தரையில வைங்க சார்."

வைத்தார். கார் உதறத் தொடங்கியது. ஸ்டியரிங்கும் சேர்ந்து ஆடியது. கடைசியாக ஒரு குலுக்கு குலுக்கி எஞ்சின் நின்றுபோனது.

ரெஹான் வாயைப் பிளந்தான். "எப்படிக்கா?"

"ஆட்டோவுக்காக நின்னாரே, அப்போ பிரேக் லைட் எரியல. சரி, ஹேண்ட்பிரேக். ஆனா சத்தம் நிக்கிற வண்டி சத்தம் இல்ல, லேசா ரேஸ் ஆகிக்கினு இருந்துது. இந்த இன்ஜெக்ஷன் வண்டி பெட்ரோலைத் தானா அளந்து விடும். பழைய கார்புரேட்டர் வண்டியில காலை எடுத்தா ஆஃப் ஆயிடும். அந்தப் பயத்துல பழகின கால், தானா ஆக்ஸிலேட்டர்ல போய் உக்காந்துக்குது. உதறல் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். சார் தெரியாமலே அதை மிதிச்சு அமுக்கிட்டாரு. அம்மா ஒழுங்கா ஓட்டினாங்க, மாட்டிக்கினாங்க."

தங்கவேல் தன் வலது காலை ஏதோ அந்நியனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"உதறலுக்குக் காரணம்?" என்றான் ரெஹான்.

செண்பகம் அன்புக்கரசியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். எஞ்சின் உதற, புகையிலைப் பொட்டலத்தை விரலால் மெல்லத் தூக்கினார். அது நைலான் கயிற்றால் காற்றுக் குழாயான ஒரு மெல்லிய ரப்பர் ஹோஸோடு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. முடிச்சு ரப்பரை அறுத்திருந்தது. 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டது. அந்த வெடிப்பைக் கட்டைவிரலால் அடைத்தார். உதறல் சட்டென்று அடங்கியது.

"எஞ்சின் சும்மா ஓடறப்போ கொஞ்சம் காத்துதான் இழுக்கும். அதோட கணக்குல வராத காத்து இந்த ஓட்டை வழியா சேர்ந்தா, பெட்ரோல் பத்தாம உதறும். ரேஸ் குடுத்தா காத்து நிறைய போவும், இந்தத் துளி தெரியாது. பொட்டலம் யாரு கட்டினது?"

"நான்தான்," என்றார் தங்கவேல். "எலி வரக் கூடாதேன்னு..."

அன்புக்கரசி சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவ்வளவு நாள் சுமந்த பழி இறங்கிய சந்தோஷம் அது.

ரெஹான் புது ஹோஸ் மாட்டி முடித்ததும், தங்கவேல் போனை எடுத்தார்.

"வர வேணாம்ப்பா. வண்டி விக்கிறதுக்கு இல்ல... விலைக்காக இல்லப்பா. அது என் சம்சாரத்து வண்டி."

சொல்லிவிட்டு, சாவியை மனைவியிடம் நீட்டி, சுற்றிப் போய் இடப்பக்கம் ஏறினார். "கொட்டிவாக்கம் போலாமா?"

"நான் போறேன்," என்று அன்புக்கரசி கியரைப் போட்டார். "உங்களை அடையாறுல வீட்டாண்ட இறக்கி விட்டுடறேன்."