ஒரு முகம் குறைய வேண்டும்

கைப்பேசி சுதர்சினியின் முகத்தை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மருந்துக்கடையில் அம்மாவின் மாத்திரைக்குக் காசு கட்ட அதை முகத்துக்கு நேரே பிடித்தாள். திரை ஒருமுறை நடுங்கிவிட்டுப் பூட்டியபடியே இருந்தது. முகக்கவசத்தை இறக்கி, முடியை ஒதுக்கி மறுபடி பிடித்தாள். மறுபடியும் நடுங்கியது. புகைமூட்டம் ஊரை விட்டுப் போகாத வாரம் அது. நடுப்பகலிலேயே கடைகளில் விளக்குகள் எரிந்தன, எதிர்ச்சாரியில் பூக்கட்டும் பெண்கள் வெறும் நிழல்களாகத் தெரிந்தார்கள். இந்த வெளிச்சத்தில் யாருக்கு யாரைத் தெரியப்போகிறது என்று கடவு எண்ணைத் தட்டிவிட்டு வெளியே வந்தாள்.

தெருவில் கரிந்த வாடையும் மல்லிகை வாடையும் கலந்து கிடந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. பொங்கலுக்கு முந்திய நாள் வெள்ளையடித்த வீட்டுக்குள் வருமே, ஈரச் சுண்ணாம்பின் குளிர்ந்த வாடை, அது. எங்கேயோ சுவர் பூசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அந்த வாடை அவளோடேயே வந்தது, சாலை கடந்தும், ரயில் பாலத்துக்குக் கீழே நடந்தும், அடுக்குமாடியின் வாசல் வரைக்கும்.

லிப்டுக்கு முன்னாலிருந்த கண்ணாடிக் கதவில் முகம் பார்த்துத் திறக்கும் கருவி இருக்கிறது. அதற்கு முன் நின்றாள். சிவப்பு விளக்குத்தான் எரிந்தது. காவலுக்கு இருந்த தம்புசாமி நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

"விசிட்டராம்மா? எந்த வீட்டுக்கு? ஐசி குடுங்க."

"என்ன அங்கிள், விளையாடுறீங்களா? தினம் பாக்குற ஆளுதானே."

அவர் சிரிக்கவில்லை. அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, அழுக்கைத் துடைப்பதுபோலக் கட்டைவிரலால் படத்தைத் தேய்த்தார். "போட்டோ அழிஞ்சு போச்சேம்மா. சீக்கிரம் மாத்திடுங்க. பேரு… சரி, பதினோராவது மாடி, அந்த வயசான அம்மா வீடு. நீங்க அவங்களுக்குச் சொந்தமா?"

"அவங்க மக அங்கிள்!"

"மக இப்பத்தான் மேல போனாங்களே." அவர் கதவைக் கைகாட்டினார். "மெஷினுக்கு முன்னாடி நின்னாங்க, உடனே தொறந்துச்சு."

கிழவருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று திட்டிக்கொண்டேதான் சுதர்சினி லிப்டில் ஏறினாள். ஆனாலும் பதினோராவது மாடி வருவதற்குள் வீட்டுச் சாவியைக் கையில் எடுத்துவிட்டாள்.

கதவு அவள் பூட்டிப்போனபடியே பூட்டியிருந்தது. அம்மா பூரணம் தன் அறையில் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். சன்னல்கள் மூடியிருந்தன. வேறு யாருமில்லை. சாப்பாட்டு மேசையில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் கட்டிலை ஒட்டிக் கிடந்தது. அம்மாவின் நரைத்த தலை எண்ணெய் வைத்து, வகிடெடுத்து, இறுக்கமாகப் பின்னப்பட்டிருந்தது. காலையில் சுதர்சினிக்குத் தலைவார நேரமிருக்கவில்லை. அம்மாவே பின்னியிருப்பாள் என்று நினைத்தாள். சட்டைப் பொத்தானையே போடத் தெரியாத அம்மா.

நாற்காலியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கூடத்து விளக்கைப் போட்டாள். சுவரோரமாக அவளுடைய படங்கள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டு, மெல்லிய தாளால் மூடியிருந்தன. சனிக்கிழமை கண்காட்சி. இருபது வருஷமாக வரைகிறாள், இருபது வருஷமாக ஒன்றும் விற்கவில்லை. உள்ளூர் மாடு விலை போகாது என்பது இந்த ஊர் ஓவியர்களுக்கென்றே சொல்லி வைத்தது. இந்த முறை மட்டும் விலை போகும்போல இருந்தது. ஏனென்றால் இந்த முறை அவள் வரையவே இல்லை.

அக்கா கௌசலாவிலிருந்துதான் அது தொடங்கியது. யாழ்ப்பாணத்துப் பெருமையை மூன்று தலைமுறையாகக் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் கட்டிக் காத்த குடும்பம். அக்கா போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிற, ரப்பர் தோட்டத்தில் பிறந்த ஒருவரோடு போய்விட்டாள். அப்பா கனகலிங்கம் சத்தம் போடவில்லை. சவர பிளேடை எடுத்துக்கொண்டு ஆல்பத்தோடு மேசைக்கு முன் உட்கார்ந்தார். ஒவ்வொரு படத்திலும் அக்காவின் முகத்தை மட்டும் நறுவிசாக வெட்டி எடுத்தார். உடம்பை விட்டுவிட்டார், பட்டுச்சேலை வீணாக வேண்டாமென்றோ என்னவோ. அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிறவர்களிடம், "எனக்கு ஒரு பொண்ணுதான்" என்றார். அந்த ஒரு பொண்ணு தான்தான் என்று கேட்கும்போதெல்லாம் சுதர்சினிக்கு இனித்தது.

இனிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. முற்றத்து மல்லிகைக்கு மணமில்லை. கூடவே இருந்து, கல்யாணமும் வேண்டாமென்று, மூத்திரத் துணி மாற்றுகிறவள் சுதர்சினி. அம்மா வாசலைப் பார்த்து, "அக்கா வந்துட்டாளா?" என்பாள். அக்கா போன வருஷம் கிள்ளானில் இறந்துபோனாள். சுதர்சினி போகவில்லை, அம்மாவிடம் சொல்லவுமில்லை. ஆனால் ஒன்று: அம்மா ஊரை மறந்தாள், அப்பாவை மறந்தாள், சாப்பிட்டதை மறந்தாள், சுதர்சினியின் முகத்தை மட்டும் ஒரு நாளும் மறக்கவில்லை. "சுதா" என்று கூப்பிட்டுக் கன்னத்தைத் தடவுவாள். சுதர்சினிக்கு வாழ்க்கையில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

பழைய ரோமானியரும் அப்பாவைப் போலத்தான். ஆகாதவர் என்று ஆகிவிட்டால் குடும்பப் படத்திலிருந்து அந்த ஒருவர் முகத்தைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். சுற்றியிருப்பவர்கள் அப்படியே நிற்பார்கள். போன நூறு வருஷத்துக்குள் வந்த புதுமை ஓவியர்கள் கித்தானைக் கத்தியால் கிழித்து அதுவே ஓவியம் என்றார்கள், ஒருவர் வரைந்ததை இன்னொருவர் அழித்து அந்த வெற்றுத்தாளுக்குச் சட்டம் போட்டார்கள். இரண்டையும் அப்பாவின் ஓட்டை விழுந்த படங்களோடு சேர்த்து, படம் போட்டுத் தருகிற ஏஐயிடம் கொடுத்தாள். ரோமானியச் சுவரின் ஆழ்ந்த சிவப்பு, அதில் அப்பா, அம்மா, அவள், நடுவில் கிழிந்த வெள்ளைச் சுண்ணாம்பு. பார்த்தவர்கள் எல்லாரும் விலை கேட்டார்கள்.

முதலில் அப்படி வரவில்லை. ஓட்டையைக் கண்டால் ஏஐ அங்கே ஒரு முகத்தை வைத்தது. எத்தனை முறை அழித்தாலும் வைத்தது. பிறகு அது அக்காவின் முகமாகவே வரத் தொடங்கியது. அக்காவின் முகம் தெரிகிற படம் ஒன்றுகூட அவள் கொடுக்கவில்லை, அவளிடம் இருந்தால்தானே கொடுக்க. அப்பாவின் மூக்கையும் அம்மாவின் வாயையும் கூட்டிக் கழித்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். இடது புருவத்துத் தழும்பைக் கண்டபோதுதான் சமாதானம் சொல்ல முடியவில்லை. சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்த தழும்பு. எரிச்சலில், யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள், ஒவ்வொரு படத்திலும் ஒரு முகம் குறைய வேண்டும் என்று தட்டினாள். அதற்குப் பிறகு எல்லாம் அவள் கேட்டபடி வந்தது. அக்கா இருந்த இடத்தில் வெறும் சுண்ணாம்பு.

கைப்பேசி அடித்தது. கேலரிக்காரர் பாசில்.

"சுதர்சினி, அழைப்பிதழுக்குப் படம் வச்சுக்கிட்டு இருக்கேன். அந்த நடுவுல சிரிக்கிற அக்கா யாரு? செம முகம் லா."

"நடுவுல யாரும் இல்ல பாசில். நடுவுலதான் சுரண்டியிருக்கு."

"இல்லையே. சுரண்டினது வலது ஓரத்துல. அம்மா பக்கத்துல நிக்கிற ஆளு." அவர் கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. நாம நேர்ல பாத்திருக்கோம்தானே? உங்க முகம் ஏனோ ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது."

அவள் கைப்பேசியை வைத்துவிட்டாள். அம்மாவின் பக்கத்தில் எப்போதும் நிற்பவள் அவள்தான்.

முதல் படத்தின் தாளை விலக்கினாள். நேற்று மாலை இதே இடத்தில் நின்று இதே படத்தைச் சரிபார்த்திருந்தாள். சிவப்புச் சுவர், அப்பா, அம்மா. இப்போது நடுவில் அக்கா. போகும்போது இருந்த இளவயது அக்கா இல்லை. கன்னம் தளர்ந்து, காதோரம் நரைத்து, அவள் கடைசிவரை போய்ப் பார்க்காத அக்கா. வலது ஓரத்தில் சுதர்சினியின் நீலச் சேலை. சேலைக்கு மேலே கழுத்து. கழுத்துக்கு மேலே சுண்ணாம்பு.

இரண்டாவது படம், அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

சுண்ணாம்பைத் தொட்டாள். அச்சிட்ட கித்தான், காய்ந்து வழவழப்பாகத்தான் இருக்க வேண்டும். ஈரமாக இருந்தது. விரலில் ஒட்டியது.

ஏஐ காட்டுகிற வித்தை, கோப்பு மாறிவிட்டது, அச்சகத்தில் ஏதோ தப்பு. வாய் முணுமுணுக்க, கை மேசை இழுப்பறையிலிருந்து ஆல்பத்தை உருவியது. காகிதத்தை ஏஐ தொட முடியாதே. அப்பா வெட்டிய ஓட்டைகள் அங்கே அப்படியேதான் இருக்கும்.

முதல் பக்கத்தில் பிறந்தநாள். கேக்குக்குப் பின்னால் அக்கா, முழு முகத்தோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. பக்கத்தில் ரிப்பன் கட்டிய சின்னப் பெண்ணின் உடம்பு. முகத்தில் ஓட்டை. நறுவிசான ஓட்டை. வெட்டிய விளிம்பு பழுத்து மஞ்சளாகியிருந்தது. இன்று நேற்று வெட்டியதல்ல.

பக்கங்களைப் புரட்டினாள். கோயில் திருவிழா. பள்ளிக்கூட வாசல். ஓட்டை. ஓட்டை. கடைசிப் பக்கத்தில் ஒரு படம் இருந்த இடம் காலியாக இருந்தது. அது அவளுடைய பட்டமளிப்பு விழாப் படம். அக்கா போனபிறகு எடுத்தது, அவளும் அம்மாவும் மட்டும். ஓட்டையே இல்லாத ஒரே படம்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

அம்மாவின் அறைக்குள்ளிருந்து. ஏதோ ஒன்றின் மேல் இரும்பு உரசுகிற சத்தம். மெதுவாக. நிறுத்தி. மறுபடி மெதுவாக. நடுநடுவே அம்மாவின் குரல், யாருக்கோ பதில் சொல்கிற குரல்.

"ஆமாம் பிள்ளை. நல்லாத்தான் பின்னியிருக்கே."

உரசல்.

"நீ வருவேன்னு எனக்குத் தெரியும்."

சுதர்சினி திரும்பிப் பார்த்தாள். வெளியே ஓடலாம். வாசல் இரண்டு எட்டில் இருந்தது. ஆனால் வெளியே போனால் அவளை யாருக்குத் தெரியும்? உள்ளே அம்மா இருக்கிறாள். அம்மா அவளை மறந்ததே இல்லை. கதவைத் தள்ளினாள்.

சுண்ணாம்பு வாடை முகத்தில் அறைந்தது.

அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பட்டமளிப்புப் படம். கையில் அப்பாவின் சவர பிளேடு, அலமாரிக்குள் அம்மா இத்தனை காலம் வைத்திருந்தது. அவளுக்குப் பக்கத்தில் யாருமில்லை. ஆனால் மெத்தை அங்கே அமுங்கியிருந்தது. நாற்காலி மறுபடியும் கட்டிலோரம் வந்திருந்தது.

"அம்மா. பிளேடைக் குடுங்க. கையைக் கிழிச்சிடும்."

அம்மா நிமிர்ந்தாள். மரியாதையாகச் சிரித்தாள், வாசலில் வந்து நிற்கிற அந்நியருக்குச் சிரிக்கிற சிரிப்பு.

"வாங்க. யாரைப் பாக்க வந்தீங்க?"

"நான் சுதா ம்மா."

"சுதாவா?" அம்மா பக்கத்திலிருந்த வெறுமைக்குத் தலையைச் சாய்த்தாள். கேட்டாள். தலையாட்டினாள். "அப்படி யாரும் இங்க இல்லைன்னு சொல்றா."

"அம்மா, என்னைப் பாருங்க. நல்லாப் பாருங்க. நான்தான் கூடவே இருந்தேன். நான்தான் ம்மா இருந்தேன். அவ இல்ல!"

"வீடு மாறி வந்துட்டீங்க போல," என்றாள் அம்மா, அவள்மேல் இரக்கப்பட்டு. "எனக்கு ஒரு பொண்ணுதான்."

மறுபடி படத்துக்குக் குனிந்தாள். "பாரேன் கௌசி, என் பக்கத்துல யாரோ வந்து நிக்கிறாங்க. படமே கெட்டுப்போச்சு." பிளேடை வைத்தாள். இழுத்தாள்.

சுதர்சினியின் கன்னத்தில் சில்லென்றது. வலிக்கவில்லை. வெள்ளைப் பொடி அவளுடைய கைமேல் உதிர்ந்தது.

இன்னொரு இழுப்பு. இடது கண்ணுக்கு அறை தெரியவில்லை.

ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடிக்க வேண்டும். பிடித்தாள். அந்த நரம்பு புடைத்த, எண்ணெய் மணக்கிற கை. அம்மா அதை உருவிக்கொள்ளவில்லை. பிடித்திருப்பதே தெரியாததுபோல அந்தக் கை தன் வேலையைப் பார்த்தது.

அம்மா என்று கூப்பிட்டாள். கூப்பிட வாய் இல்லை.

"இப்ப சரி," என்றாள் அம்மா. படத்தை முகத்துக்கு நேரே தூக்கி, ஒட்டியிருந்த தூள் போக மெல்ல ஊதினாள். அந்த மூச்சு சுதர்சினியின்மேல் வந்து பட்டது, வெதுவெதுப்பாக, முகம் இருந்த இடம் முழுவதும். கையைக் கொண்டுபோய்த் தடவினாள். மட்டமாக, ஈரமாக, இப்போதுதான் பூசி முடித்த சுவராக இருந்தது.

பொடி சரியாகப் போகவில்லை என்று அம்மா மறுபடியும் ஊதினாள்.