திரைக்கு அந்தப் பக்கத்து அக்கா

பள்ளியின் நோயறைக்கு வேலைக்கு வந்த சில நாட்களிலேயே நர்ஸுக்கு ஒரு பெண் மேல் சந்தேகம் விழுந்தது. ஒன்பதாம் வகுப்புக்காரி. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் தலைவலி என்று வந்து நிற்பாள். காய்ச்சலும் இல்லை, சளியும் இல்லை.

கள்ளத் தலைவலிக்கு நர்ஸிடம் ஒரே வைத்தியம்தான். படுக்கவைத்து, திரையை இழுத்துவிட்டு, பேச்சே கொடுக்கமாட்டாள். சலித்துப்போய்த் தானாக எழுந்து ஓடுவார்கள்.

இவள் ஓடவில்லை.

ஒரு மதியம் திரைக்குப் பின்னால் கிசுகிசுப்பு கேட்டது. தோழியையும் கூட்டி வந்துவிட்டாளா கள்ளி என்று நர்ஸ் அடிமேல் அடிவைத்துப் போய்த் திரையை விலக்கினாள். பெண் தனியாகத்தான் இருந்தாள். ஆனால், காலையில் நர்ஸ் தன் கையால் விரித்த பக்கத்துக் கட்டில் கசங்கிக் கிடந்தது. தலையணையில் ஒரு குழி. தொட்டுப் பார்த்தாள்.

ஈரம்.

"யாரும்மா இங்க இருந்தது?"

சிஸ்டர் தன்னிடம் பேசுகிறாரே என்று அவள் திகைத்தாள். பிறகு கொட்டித் தீர்த்தாள். வகுப்பே கூடி அவளைக் 'காத்து' ஆக்கிவிட்டதாம். அவள் பேசினால் யார் காதிலும் விழாது. பக்கத்தில் உட்கார்ந்தால், காற்று அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்துவார்கள். தூக்கம் போய்விட்டது. தான் நிஜமாகவே இருக்கிறோமா என்று அவளுக்கே சந்தேகமாம்.

"இந்த அக்கா மட்டும்தான் என்கூடப் பேசறாங்க, சிஸ்டர். அவங்களையும் இப்படித்தான் காத்தாக்கினாங்களாம். போகப் போக வலிக்காதுன்னாங்க. என்கூட வர்றியான்னு கேக்கறாங்க."

நர்ஸுக்குச் சுருக்கென்றது. திரையை இழுத்துவிட்டுத் தானும் அதையேதானே செய்திருக்கிறாள்!

"போகாதடா கண்ணு," என்று கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லிட்டிருந்தன.

உடனே பெண்ணின் அம்மாவை வரவழைத்தாள். மகளைக் கட்டிக்கொண்டு அழுத அம்மா, இனி உன்னைத் தனியே விடமாட்டேன் என்றாள். நாளைக்கே அந்த வகுப்பை விசாரிப்பதாகத் தலைமையாசிரியையும் சொன்னார். போன உயிர் திரும்பி வந்ததுபோல் நர்ஸ் வாசல்வரை போய் வழியனுப்பினாள்.

அம்மா மகளின் வலது கையைப் பிடித்தபடி காரின் பின்சீட்டில் ஏறினாள். பின்னாலேயே ஏறிய மகள், கதவைச் சாத்தாமல் நடுவே நகர்ந்து இடம் விட்டாள். அவளுடைய இடது கை, யார் விரலையோ பற்றியிருப்பதுபோல் மடங்கியிருந்தது.

காலியிடத்தில் சீட் மெல்ல அமுங்கியது.

கதவு உள்ளிருந்து சாத்திக்கொண்டது.