ஐம்பது நாள் ஆகும் முன்

கோயிலின் தோரி வாசலைத் தாண்டி நான்கு அடி வைத்ததும், பிடரியில் முடிச்சு ஒரு சுற்று இறுகியது. கையில் ஏந்திய குழந்தை ரெய்யின் மேல் போர்த்திய விழாக் கிமோனோவின் நாடாவை மிஹோ தன் கழுத்துக்குப் பின்னால் தளர்வாகத்தான் கட்டியிருந்தாள்.

"இன்னொரு மாசம் பொறுன்னு சொன்னேன்ல," என்றான் சுசுமு, வாசலுக்கு வெளியே நின்றபடி. "அம்மா போய் இருபது நாள்தான் ஆச்சு. ஐம்பது நாள் தீட்டு கழியாம உள்ள போகக் கூடாது, மிஹோ."

"உங்கம்மா இருந்திருந்தா, முதல் தடவ கோயிலுக்கு வர்ற பாப்பாவ அவங்க தூக்கிட்டு முன்னால போவாங்க. நான் பின்னால பையத் தூக்கிட்டுப் போகணும். பெரிய வழக்கம்! நீ அங்கயே நில்லு, பயந்தாங்கொள்ளி."

தேவதாரு மரங்களின் ஈர நிழலில் சரளைக்கல் அவள் காலடியில் நொறுங்க, மாமியார் ஆசையாய் வாங்கி வைத்த அந்தக் கிமோனோவிலிருந்து அந்துருண்டை வாசனையும், அதற்கு அடியில், கிழவி இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வலிப் பிளாஸ்டரின் காரமும் மெல்ல எழுந்து வந்தன. பட்டில் ஊறிய நாற்றம். செத்தும் விடவில்லை சனியன், என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

கை கழுவும் தொட்டியில் ஒரு மூங்கில் கரண்டியை எடுத்தாள். பக்கத்தில் இருந்த இன்னொரு கரண்டி தானே சாய்ந்து, நீரைக் கல்லில் ஊற்றியது.

காற்றாக இருக்கும்.

குளத்தை ஒட்டிய பாசிப் பாதையில் திரும்பினாள். பாசியில் அவள் கால் ஓசை எழவில்லை. பின்னால் மட்டும் சரளை நொறுங்கியது.

நின்றாள். அதுவும் நின்றது.

"ஹூம்."

மூக்கால் வரும் அந்தச் சத்தம். பிரசவ அறையில் கேட்ட அதே இளக்காரம்.

"தலையப் பிடிக்கக்கூடத் தெரியல."

காதோரம். பிளாஸ்டர் நெடி.

"சுசுமு!"

குரல் எழவில்லை. நாடா இறுகியது. மூச்சு முட்டியது. ரெய் அழவில்லை. மிஹோவின் தோளுக்கு மேலே எதையோ பார்த்துச் சிரித்தான்.

முடிச்சு அவிழ்ந்தது. மெதுவாக. பழகிய விரல்கள்.

கை லேசானது.

குனிந்து பார்த்தாள். கையில் குழந்தை இல்லை. டயப்பர் பை இருந்தது.

குளத்து நீரில் தெரிந்த பிம்பத்தில் மாமியார் நின்றாள். பிடரியில் நாடா முடிந்து, ரெய்யின் தலையை உள்ளங்கையில் சரியாகத் தாங்கி. ஓர் அடி பின்னால், தலை குனிந்து, பையோடு மிஹோ.

கரையில் அவள் அசையவில்லை.

நீருக்குள் இருவரும் நடக்கத் தொடங்கினார்கள்.