பின்சக்கரத்துக்கு ஒரு கை

பட்டறைக்கு வேலைக்கு வருகிறவர்கள் முதலில் செய்வது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வதுதான். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல அது பழகிப்போயிருந்தது. ரங்கராசுவின் பட்டறையில் மெக்கானிக்குகள் எல்லோரும் கைகட்டி நின்று வாயால் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்னும் அரைச் சுத்து", "போதும், நிறுத்துங்", "அது இல்லீங், பக்கத்து நட்டு." வண்டிக்குச் சொந்தக்காரர்கள் குழிக்குள் இறங்கி, கரி அப்பிய முகத்தோடு சொன்னதைத் திருகிக்கொண்டிருந்தார்கள்.

துளசிமணிக்கு இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஃபவுண்டரியில் உருகிய இரும்பை வாளியில் சுமந்து வளர்ந்தவள் அவள். மனிதர்கள் மலிவு என்பதால் இயந்திரம் வராத வேலை அது. அங்கே ஒருவர் தடுமாறினால் பக்கத்திலிருப்பவர் யோசிக்காமல் தாங்குவார். யோசித்தால் கால் வெந்துவிடும். ரங்கராசுவும் அவளும் ஒரே வாளியின் இரு பக்கம் பிடித்தவர்கள். இன்று அவன் பட்டறை முதலாளி. அவளிடம் இருப்பது இரண்டே ஆள் உட்காரும் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்.

பொழுது சாய்வதற்குள் அந்தக் கார் தணிக்கைக் கூடத்தில் நிற்க வேண்டும். முன்பு வைத்திருந்தவன் அழகுக்காக அதைத் தரையோடு தாழ்த்திவிட்டான். பின்சக்கரங்கள் இரண்டும் தலையை உள்ளே சாய்த்துக்கொண்டு டயரின் உள்விளிம்பைத் தின்றன. ஈரத்தில் பின்பக்கம் நழுவியது. இன்று தேறாவிட்டால், வண்டியைத் தன் கையால் ஓட்ட அவளுக்கிருக்கும் கைவண்டி உரிமம் முடிந்தது. ஸ்டீரிங்கைப் பூட்டி முத்திரை வைத்துவிடுவார்கள். அதன்பிறகு எல்லோரையும்போல அவளும், ஆளில்லாமல் வண்டிகளைச் செலுத்தும் சாலைமதி ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போக வேண்டியதுதான்.

சக்கரத்தை நிமிர்த்த, அதை அடிச்சட்டத்தோடு இணைக்கும், நீளம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன் கை வேண்டும். ரங்கராசு மேசையைத் தாடையால் காட்டினான்.

"இந்தப் பக்கம் இருக்கறது தன்சீர் கை. மாட்டிட்டா போதும், ரோட்டைக் கேட்டு அதுவே நீளும், சுருங்கும். யார் பேரும் விழாது."

"வண்டி எப்படிப் போகும்?"

"பஸ்ஸாட்டம் போகும். வளைவுல நீ என்ன ஒடிச்சாலும் அது விடறதுதான்."

"அதுக்கு நான் பஸ்ஸுலயே போயிக்குவேன். அடுத்தது?"

"ரேஸுக்காரனுது. ரெண்டு மூட்டுலயும் இரும்புக் குண்டு. விறைப்பா நிக்கும். ஆனா நம்மூர்ப் புழுதிக்கும் மழைக்கும் சீக்கிரம் லொடலொடங்கும். பள்ளத்துல எறங்குனா உன்ற பல்லுல தெரியும்."

"பாக்க அழகா இருக்குது."

"உன்ற இடுப்பெலும்பைக் கேட்டுட்டுச் சொல்லு புள்ள. கடைசியா இருக்கறதுல ரப்பர் புஷ். கொஞ்சம் நெளியும், சத்தம் போடாது. தெனமும் ஓட்டற வண்டிக்கு அதுதான். ஆனா இதுவும் ரேஸுக்காரனுதும் கையால திருகிப் பூட்டறது. பேர் விழும்."

"என்ற பேர்தானே? விழட்டும்."

அவள் ரப்பர் புஷ் வைத்ததை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். பழைய கைகளைக் கழற்றிப் புதியதை மாட்டி, அவசரத்தில் புஷ் போல்ட்டை இறுக்கப் போனாள்.

"ஏய்! சக்கரம் தொங்கறப்ப இறுக்காத. ரப்பர் முறுக்கிட்டே நிக்கும், நாலு பள்ளத்துல பிஞ்சிரும். வண்டிய எறக்கிட்டு இறுக்கு."

இறக்கினாள். இறுக்கினாள். சக்கரத்தோரம் மாட்டியிருந்த கோணமானி பச்சையாகும்வரை கையின் நடுத்தண்டைத் திருகி நீளம் வைத்தாள். அதுவரை எல்லாம் சரிதான்.

அந்த நீளம் மாறாமல் பூட்டும் லாக் நட்டில்தான் வந்தது வினை. நட்டை இறுக்கும்போது நடுத்தண்டு அசையாமல் இன்னொரு ஸ்பானர் அதைப் பிடிக்க வேண்டும். துளசிமணியின் இடது மணிக்கட்டு ஃபவுண்டரியில் வெந்து செத்தது, பிடித்தால் நிற்காது. ஸ்பானரை முட்டியால் அண்டைக்கொடுத்தாள். தண்டு நழுவி, கோணமானி சிவந்தது. வண்டியின் அடிச்சட்டத்தில் ஸ்பானரைச் சாய்த்து வைத்துப் பார்த்தாள். அதுவும் நழுவியது. மறுபடி அளவு வைத்தாள், மறுபடி சிவப்பு. பட்டறைக் கதவில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"நட்டு இறுகறதுக்கு முன்னாலயே தண்டு சுத்துது" என்றான் ரங்கராசு, மேலே குனிந்து.

"எனக்குத் தெரியாதா? வாயில ஸ்பானர் புடிக்கத் தெரிஞ்சா எறங்கி வா!"

அவன் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. சட்டம் அவளுக்கும் தெரியும். பூட்டும் நேரத்தில் அந்த இரும்பின்மேல் எத்தனை கை இருக்கிறதோ அத்தனை பெயரும் அதில் பதியும். கையுறை போட்டாலும் உள்ளிருக்கும் உணரி எலும்பின் அதிர்வில் கண்டுகொள்ளும். பிறகு வண்டி யார்மீது மோதினாலும், ஓட்டியவனோடு பூட்டியவனும் கூண்டில் ஏற வேண்டும். ரங்கராசு ஒரு பால் வண்டியின் சக்கர நட்டை இறுக்கிக்கொடுத்துவிட்டு, அதன் டிரைவர் தூங்கிய தூக்கத்துக்காகச் சிறைக்குப் போய் வந்தவன். இன்னொரு தரம் போனால் திரும்ப முடியாது.

"தன்சீர் கையவே மாட்டிக்க புள்ள. எத்தனை பேர் மாட்டிட்டு நிம்மதியா இருக்கறாங்க."

"நிம்மதியாம் நிம்மதி! உலையில வெந்து, இந்த ஒண்ணையாவது என்ற இஷ்டத்துக்குத் திருப்பலாம்னு வாங்கினேன்டா. அதையும் ஒரு இரும்பு கேட்டுக் கேட்டுத் திருப்பணுமா?"

சொல்லிவிட்டு மறுபடி ஸ்பானரைப் போட்டாள். அது வழுக்கி விரல்முட்டியைக் கிழித்தது. ரத்தத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டாள்.

குழிக்குள் யாரோ தொப்பென்று இறங்கிய சத்தம் கேட்டது.

"இறுக்கு" என்றான் ரங்கராசு. நடுத்தண்டின்மேல் அவன் ஸ்பானர் இருந்தது.

"வேண்டாம் ரங்கு, மேல போ."

"நேரமாவுதுங்கறேன், இறுக்கு!"

மேலே மெக்கானிக்குகள் குழியை எட்டிப் பார்த்தார்கள். அவள் இறுக்கினாள். தண்டு மயிரிழையும் நகரவில்லை. கோணமானி பச்சையாகவே நின்றது. அடுத்த பக்கத்தையும் அப்படியே பூட்டினார்கள். ஒவ்வொரு பூட்டுக்கும் இரும்பு ஒருமுறை ஒலித்தது. அதன் சின்னத் திரையில் இரண்டு பெயர்கள் வந்தன.

தணிக்கையில் வண்டி ஒரே மூச்சில் தேறியது. பூட்டிய நட்டுகளுக்கு முத்திரையும் வைத்தாகிவிட்டது; இனி அவற்றைத் தளர்த்த அடுத்த தணிக்கைதான் வர வேண்டும்.

ஆனைகட்டி மலைச்சாலையில் துளசிமணி ஏறியபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது. பின்சக்கரங்கள் தரையை அள்ளிப் பிடித்தன. இப்படியொரு பிடிப்பை அந்தக் காரில் அவள் அறிந்ததேயில்லை. அடுத்து வரும் வளைவை முழு வேகத்தில் எடுக்க வேண்டுமென்று எத்தனை ஷிஃப்ட்டுகள் உலையின் முன்னால் நின்று நினைத்திருப்பாள்!

வளைவு வந்தது. ரங்கராசு சிறையிலிருந்தபோது தனியாக நின்ற அவன் பெண்டாட்டி நினைவுக்கு வந்தாள். துளசிமணியின் கால் தானாகவே ஆக்சிலரேட்டரிலிருந்து எழும்பியது. அழுத்தினாள்; மறுபடி எழும்பியது. எதிரே ஆளில்லை, மாடில்லை, வெறும் சாலை. இருந்தும் கால் கேட்கவில்லை.

பின்னாலிருந்து சாலைமதி ஓட்டிய காய்கறி வண்டியொன்று வந்தது. வழி கேட்டு ஒருமுறை விளக்கைச் சிமிட்டிவிட்டு அவளை முந்திக்கொண்டு போனது.

"பாவி, ஏன்டா எறங்கினே?" என்று கத்தி ஸ்டீரிங்கை ஓங்கிக் குத்தினாள் துளசிமணி. அப்போதும் வேகத்தைக் கூட்டவில்லை.