பக்கெட்டுக்கு அடியில்

மெக்கானிக் தனக்கோடி வேப்பூரிலிருந்து பைக்கில் வந்து சேர்ந்தபோது வெயில் மங்கி, மணிமுத்தாற்றுப் பக்கம் மேகம் கட்டியிருந்தது. விருத்தாசலம் பீங்கான் பேட்டையின் கோடியில் இருந்தது அந்தக் கம்பெனி. வெள்ளை மண் குவியல்களுக்கு நடுவே மண் அள்ளும் மஞ்சள் லோடர் தனியாக நின்றது. சக்கரங்களைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது.

சூப்பர்வைசர் பூர்ணிமா சாவியைக் கொடுத்தாள். வண்டிக்குக் கிட்ட வரவில்லை.

"தூக்கின பக்கெட்டு தானா எறங்குதுங்க. வெளிச்சம் இருக்கும்போதே பாத்துட்டுக் கெளம்பிடுங்க. லேபருக்கு இன்னிக்கு லீவு."

பக்கெட்டுக்கு அடியில் போகும் விஷயத்தில் தனக்கோடி சாமியைக்கூட நம்பமாட்டான். பக்கெட்டை உயரத் தூக்கினான். அது இறங்காதபடி இரும்புத் தாங்கியை முட்டுக்கொடுத்து, பின்னைச் செருகிப் பூட்டுக்கம்பியையும் மாட்டினான். இஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டு, பேட்டரி வயரைக் கழற்றினான். சக்கரங்களுக்குக் கல் வைத்தான். பிறகுதான் டார்ச்சோடு உள்ளே குனிந்தான்.

உள்ளே ஈரமண் வாடை. மழை இன்னும் பெய்யவில்லை.

"அண்ணே, இந்தப் பக்கந்தான் ஆயில் கசியுது."

மறுபக்கத்தில் இரண்டு கால்கள் தெரிந்தன. செருப்பில்லை. முழங்கால்வரை வெள்ளை மண் அப்பியிருந்தது. லீவிலும் யாரோ ஒருவர் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான்.

"எங்க?"

"இன்னும் கொஞ்சம் உள்ள வாங்கண்ணே."

முழங்கையை ஊன்றி நகர்ந்தான். ஆயில் ஓஸ் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு ஆயில் இல்லை.

"இங்க ஒண்ணுமில்லியே?"

"இன்னும் உள்ள."

டக்.

தலைக்குமேல் இரும்பு இரும்பில் பட்ட சத்தம்.

டார்ச்சை உயர்த்தினான். பூட்டுக்கம்பியைக் காணோம். இரும்புப் பின் மெல்லத் திரும்பித் திரும்பி வெளியே வந்துகொண்டிருந்தது. அதன்மேல் எந்தக் கையும் இல்லை.

எதையும் யோசிக்காமல் பக்கவாட்டில் உருண்டான். அவன் கால் வெளியே வந்ததும் தாங்கி சரிந்தது. பக்கெட் இறங்கிய வேகத்தில் தரை அதிர்ந்து, வெள்ளைத் தூசி அவனை மூடியது.

தூசி அடங்கியபோது மறுபக்கம் யாரும் இல்லை. புல்கூட மிதிபடவில்லை.

பூர்ணிமா ஓடிவந்து, தூரத்திலேயே நின்றாள். "அடி கிடி பட்டுச்சாங்க?"

"உள்ள ஒருத்தர் இருந்தாரே, அவரு எங்க?"

"நம்ம ரெண்டு பேரத் தவிர இங்க யாருமில்லீங்க."

"கால் பூரா வெள்ள மண்ணு. செருப்பு இல்ல."

அவள் முகம் வெளுத்தது. கேட்கக்கூடாதவர் யாரோ பக்கத்தில் நிற்பதுபோல் முணுமுணுத்தாள்.

"பக்கிரிண்ணன். மாசியில... தாங்கி போடாமலே உள்ள போயிட்டாரு. அதுக்கப்புறம் இந்த வண்டிய யாரும் தொடலீங்க."

தனக்கோடி டூல்ஸை அள்ளிப் பைக்குள் போட்டான். வண்டியை யாரும் தொடவேண்டாம், பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

வேப்பூர் டீக்கடையில் நிறுத்தியபோது பொழுது இறங்கியிருந்தது. போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அண்ணே, விருத்தகிரி பேசறேன். கம்பெனியில புது நைட் வாட்ச்மேனு. மேடம் போன் எடுக்கல, உங்க நம்பரு ஆபீஸ் சுவத்துல இருந்துச்சு. உங்க ஆள விட்டுட்டுப் போயிட்டீங்களே?"

"எந்த ஆளு?"

"லோடரு பக்கெட்டத் தூக்கி வச்சிட்டு அடியில படுத்திருக்காரு. காலு மட்டும் தெரியுது."

தனக்கோடி கத்தினான். "கிட்டப் போகாதய்யா! கேட்டப் பூட்டிட்டு வெளிய ஓடு!"

"அட, என்னாங்கண்ணே... பாவம், ஸ்பேனரு எட்டலன்னு கேக்கறாரு."

"விருத்தகிரி! நில்லு! அது ஆளில்ல!"

போனில் சரளைக்கல் நெரியும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இருங்கண்ணே, அவரு ஏதோ சொல்றாரு, சரியாக் கேக்கல. கொஞ்சம் குனிஞ்சுக்கறேன்."